நாலு விரல் இடைவெளி

இரண்டு கூரைகளுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விடவேண்டும் என்று நபுகேரா சொன்னதும் கொத்தனார் ஒக்வால் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு அவளையே பார்த்தார்.

"இடைவெளி விட்டா மழைத்தண்ணி இறங்கும்க்கா. ஒட்டிப் போட்டா எனக்கு ஒரு தகரம் மிச்சம்."

"தண்ணி இறங்கினா இறங்கட்டும். ஒட்டக்கூடாது."

"யாரு சொன்னது?"

"எங்கம்மா. மாப்பிள்ளை கூரைக்குக் கீழ படுக்கமாட்டாங்களாம். தனிக் கூரைன்னா வருவாங்க."

ஒக்வால் வடக்கே லிராப் பக்கத்துக்காரர். சிரிப்பை அடக்கத் தெரியாத மனுஷர். "மாமியாரைக் கண்டா நாங்களும்தான் புதர்ல போய் ஒளிவோம். ஆனா எங்க பக்கத்து மாமியாருங்க கூரையை விரல் வச்சு அளந்ததில்லக்கா" என்றார். சொல்லிவிட்டுச் சுவரில் நாலு விரலை வைத்துக் கோடு போட்டார்.

நபுகேராவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தே பல மாதம் ஆகிறது.

புகாண்டாவில் பெண்ணைக் கட்டியவன் அவளுடைய அம்மாவை ஏறெடுத்துப் பார்க்கக்கூடாது, தொடக்கூடாது, ஒருவர் குளிக்கும் இடத்தில் மற்றவர் குளிக்கவே கூடாது. மீறினால் கை நடுக்கம் வரும். இந்தக் காலத்தில் மற்ற வீடுகளில் கொஞ்சம் நெளிவு சுளிவு வந்துவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசிக்கொள்கிறார்கள், போனில் "சாப்பிட்டீங்களா" என்றுகூடக் கேட்டுக்கொள்கிறார்கள். நபுகேராவின் அம்மா நாமுத்தெபியிடம் அந்தப் பருப்பு வேகாது. பத்தொன்பது வருஷத்தில் மாப்பிள்ளை லுபோவாவிடம் அவர் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார், மகள் போய்ச் சொல்வாள், மாப்பிள்ளையின் பதிலை மகளே சுமந்துகொண்டு வருவாள்.

போன வருஷம் பக்கவாதம் வந்து நாமுத்தெபிக்கு இடது கையும் காலும் விழுந்தன. கால் பாதி திரும்பிவிட்டது. கை திரும்பவில்லை, நடுக்கம் மட்டும் தங்கிவிட்டது. சும்மா இருக்குமா ஊர்? "கிழவி எங்கேயோ மாப்பிள்ளை முகத்துல முழிச்சிருக்கா, அதான் கை ஆடுது" என்று கியோதெராச் சந்தை முழுக்கப் பேசினார்கள். முப்பத்தைந்து வருஷம் அந்த ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கோமேசி என்னும் நீள அங்கி தைத்துப் போட்டவர் அவர். யார் தோள் கூனல், யார் இடுப்பு எத்தனை அங்குலம் என்று எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காதவர். அவரைப் பற்றி இப்படிப் பேசினால் எப்படி இருக்கும்? முன்பு ஒரு மடங்கு கண்டிப்பாக இருந்தவர் மூன்று மடங்கு ஆகிவிட்டார்.

அந்தக் கண்டிப்பின் பாரம் முழுக்க நபுகேரா தலையில்தான் இறங்கியது. எந்தபேயில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் அறைகளைக் கவனிக்கும் பெண்களுக்கு அவள் தலைவி. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் இரண்டு வேன் மாறி நாலு மணி நேரம் கியோதெராவுக்குப் போவாள். வார நாட்களில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி சோறு கொடுத்து உடம்பைத் துடைத்துவிடுவாள். குளிப்பாட்டுவதும் துணி துவைப்பதும் மகளுக்கென்று காத்திருக்கும். வீட்டுக்குப் பின்னால் கல் பலகையில் அம்மாவை உட்கார வைத்து, இருபது லிட்டர் கேன்களில் தண்ணீர் தூக்கிவந்து ஊற்றுவாள். ஞாயிறு சாயங்காலம் வேன் பிடித்துத் திரும்பி, திங்கள் காலை ஆறு மணிக்கு ஹோட்டலில் நிற்பாள். பதினொரு மாதம் இப்படி. சனிக்கிழமை காலையில் படுக்கையில் கிடப்பது எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோனது. ஒருநாள் ஹோட்டலில் கட்டில் விரிப்பைச் சரிசெய்யக் குனிந்தவள் அப்படியே அதன்மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவளுக்குக் கீழே வேலை செய்யும் பெண்தான் தட்டி எழுப்பினாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அந்தப் பெண் சொன்னபோது நபுகேராவுக்கு அழுகை வந்தது.

அம்மா இங்கே வந்துவிட்டால் போதும். அதற்குத் தனிக் கூரை, தனி வாசல், தனிக் குளியலறை. கஜான்சியில் அவர்கள் வீட்டின் பின்பக்கம் பதினைந்தடிக்குப் பத்தடி இடம் இருந்தது. அதில்தான் எல்லாமும்.

வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். வீட்டை யாரும் கட்டிவிடலாம். ஒரு கை விழுந்த, கௌரவம் விழாத ஒரு பெண்பிள்ளைக்குக் குளியலறை கட்டிப் பார்க்க வேண்டும். போனில் அம்மா முதலில் சொன்னதே "ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளையாக் கட்டினா வரமாட்டேன்" என்பதுதான். "நோயாளிக்குக் கட்டின மாதிரி இருக்கக்கூடாது. ஒரு பொம்பளைக்குக் கட்டின மாதிரி இருக்கணும்."

குளியலறை விஷயத்தில் நபுகேராவை யாரும் ஏமாற்ற முடியாது. இருபது வருஷமாகப் பணக்காரர்களின் குளியலறைகளைத் தேய்த்தவள், தேய்க்க வைத்தவள். எந்தக் குழாயைத் திருப்பத் தெரியாமல் விருந்தாளி கூப்பிடுவார், எந்தத் தரையில் பாட்டிமார் வழுக்குவார்கள், எந்த டைல்ஸ் இடுக்கு ஆறே மாதத்தில் கறுக்கும் என்பதெல்லாம் அவள் முழங்காலுக்கே தெரியும். ஒரு சாயங்காலம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இடது கையைத் துப்பட்டியால் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். வலது கை எட்டும் இடத்தையெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் குறித்தாள். இங்கே சோப்பு மாடம். இங்கே கை ஷவர். கமோடுக்கு வலது பக்கம் கைப்பிடிக் கம்பி. கமோடு எத்தனை உயரம் என்பதற்குக் கியோதெராவில் அம்மாவின் கட்டிலைத் தையல் நாடாவால் அளந்து வந்திருந்தாள். அந்த உயரத்திலிருந்துதான் அம்மா யார் உதவியும் இல்லாமல் எழுந்திருக்கிறார். கதவு வெளியே திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்ததை ஹோட்டலில் ஒருமுறை பார்த்திருக்கிறாள். வாசலில் படி கூடாது. தண்ணீர் எதிர்ச் சுவரை நோக்கி ஓட வேண்டும், குளிக்க உட்காரும் திண்டு செங்கல்லால் கட்டியதாக இருக்க வேண்டும்.

லுபோவா வாசலில் சாய்ந்து நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பொறுமைசாலி, இல்லாவிட்டால் அந்த வேலையில் இருபது வருஷம் உயிரோடு இருக்க முடியாது.

"கையைக் கட்டிட்டா அப்புறம் யாரு எனக்கு டீ போடறது?" என்றான்.

"உங்களுக்கு ரெண்டு கை இருக்கே."

டைல்ஸ் கடையிலும் இருவருக்கும் வழக்கு. லுபோவாவுக்குப் பளபளவென்று முகம் தெரியும் பெரிய டைல்ஸ், நடுவில் கண்ணாடித் தடுப்பு, கூரையிலிருந்து மழைபோல் கொட்டும் ஷவர். "உங்க ஹோட்டல்ல இருக்கிற மாதிரி" என்றான். மாமியாருக்கு நேராக ஒரு வார்த்தை சொல்ல முடியாதவன் எல்லா மரியாதையையும் டைல்ஸில் காட்டிவிடத் துடித்தான்.

"ஹோட்டல்ல வர்றவன் மூணு நாள் இருந்துட்டுப் போயிடுவான்" என்றாள் நபுகேரா. "பளபளன்னு இருக்கிற எல்லாம் வழுக்கும். சின்ன டைல்ஸா எடுங்க. இடுக்கு நிறைய இருந்தாத்தான் கால் பிடிக்கும்."

கடைசியில் வாழைக்குருத்து நிறத்தில், மங்கலாக, உள்ளங்கை அகலச் சதுரங்கள் தரைக்கும் பாதிச் சுவருக்கும் வந்தன. அதற்கு மேலே மரவுரியின் செம்பழுப்பில் சுண்ணப்பூச்சு. கம்பிகள் இரும்பு நிறத்தில் முறைக்காமல் பித்தளை நிறத்தில். சோப்பு மாடத்தின் உள்பக்கம் மட்டும் ஒரே ஒரு வரிசை மஞ்சள். பாம்பும் சாகணும், கம்பும் உடையக்கூடாது என்பார்களே, அப்படி ஒரு குளியலறை. முகம் பார்க்கும் கண்ணாடி விஷயத்தில்தான் அவள் தயங்கினாள். அம்மாவின் வாய் இடது பக்கம் கோணிக்கொண்டது இன்னும் சரியாகவில்லை. கண்ணாடி வேண்டாம் என்று முடிவு செய்திருந்தபோது அம்மாவே போனில் கேட்டார்: "உக்காந்தா முகம் தெரியற மாதிரி கண்ணாடி வச்சியா?" வைத்தாள்.

வேலை முடிந்த வெள்ளிக்கிழமை கடைசி முறையாகக் கியோதெரா போனாள். கடைசி முறை என்பதை நாலு மணி நேரமும் வேனில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனாள். சனிக்கிழமை மூட்டை கட்டினார்கள். ஞாயிறு காலை ஒரு காரை வாடகைக்குப் பேசி அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்துக் கிளம்பினார்கள். நாமுத்தெபி தானே தைத்த ஊதா கோமேசியைக் கட்டி, இடுப்புப் பட்டையை ஒற்றைக் கையால் மூன்று முறை அவிழ்த்து முடிந்தார். வழியில் லுகாயாவில் சாலையோரம் விற்பவர்கள் கோழி வறுவலை ஜன்னலுக்குள் நீட்டினார்கள். அம்மா வேண்டாம் என்றார். மாப்பிள்ளை ஊரை நெருங்க நெருங்க அவர் தலைத் துணியை இழுத்து இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மதியம் இரண்டரைக்கு வந்து சேர்ந்தார்கள். லுபோவா வழக்கப்படி கண்ணில் படவில்லை. பின்வாசல் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குள் மறைந்திருந்தான். அடுப்பில் வாழைக்காய் இலைக்குள் வெந்துகொண்டிருந்தது. வேர்க்கடலைக் குழம்பின் வாசனை வந்தது. கார் டிரைவருக்கு முன்வாசலில் டீ கொடுத்து உட்கார வைத்தார்கள்.

"முதல்ல குளிக்கணும்" என்றார் நாமுத்தெபி. "மசாகா ரோட்டுத் தூசி எல்லாம் என் மேலதான் இருக்கு."

நபுகேரா அம்மாவைப் புதுக் குளியலறைக்குக் கூட்டிப்போனாள். அம்மா வாசலிலேயே நின்று பார்த்தார். தையல்காரியின் பார்வை, மேலிருந்து கீழே, மூலை மூலையாக. கம்பியைத் தொட்டார். சோப்பு மாடத்தின் மஞ்சள் வரிசையில் விரலை ஓட்டினார்.

"ஓரம் நல்லா மடிச்சிருக்கான்" என்றார். அதற்கு மேல் பாராட்டு அவர் வாயிலிருந்து வராது. நபுகேராவுக்கு நெஞ்சு நிறைந்து போனது. அம்மா துணியைக் களைந்து ஒரு சுற்றுத் துணியும் தலைத் துணியுமாகத் திண்டில் உட்கார்ந்தார். வலது கையை நீட்டினார். கை எட்டிய இடத்தில் பீர்க்கு நார் இருந்தது.

அதை எடுத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"இது ஈரமா இருக்கு."

நபுகேரா பார்த்தாள். நார் உள்ளே நன்றாக ஊறிப்போயிருந்தது. பக்கத்தில் புதுச் சோப்பு. அதன்மேல் பதிந்திருந்த பெயர் பாதி கரைந்திருந்தது.

"யாருடி குளிச்சது இங்க?"

நான்தான் என்று சொல்லிவிடலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் வெள்ளி இரவிலிருந்து அவள் அம்மாவின் பக்கத்திலேயே அல்லவா இருக்கிறாள்? பொய் சொல்லக்கூட வழியில்லை. மகள் நந்துமே விடுதிப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

நாமுத்தெபி திண்டின் விளிம்பைப் பார்த்தார், தான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். வலது கையால் கம்பியைப் பிடித்து எழுந்திருக்க முயன்றார்.

"கார்க்காரனைப் போகவேண்டாம்னு சொல்லு. நான் திரும்பறேன்."

"அம்மா..."

"கியோதெராவுல எல்லாரும் சிரிக்கணும், அதானே? மாமியாரும் மாப்பிள்ளையும் ஒரே கல்லுல உக்காந்து குளிச்சாங்கன்னு. எனக்குக் கை நடுக்கம் வந்தா?"

"உங்க கை ஏற்கெனவே நடுங்குதும்மா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று நபுகேராவுக்கு உறைத்தது. அம்மாவின் மடியில் கிடந்த இடது கை தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

நபுகேரா கமோடின் மூடியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு முடியலம்மா" என்றாள். குரல் உயரவில்லை, உயர்த்தத் தெம்பில்லை. "நீங்க திரும்பிப் போனா வெள்ளிக்கிழமை நானும் வேன்ல ஏறணும். அதுக்கு அடுத்த வெள்ளியும். நான் தூங்கிப் பதினோரு மாசம் ஆச்சு. இதைக் கட்டினது உங்களுக்கு மட்டும் இல்ல. எனக்கும்தான்."

அம்மா அவளைப் பார்த்தார். பிறகு தலைக்கு மேலே இருந்த காற்றோட்டச் சட்டத்தைப் பார்த்தார். அது வீட்டுச் சமையல்கட்டு முற்றத்தைப் பார்த்து இருந்தது.

"கேளு அவரை. எதுக்குக் குளிச்சார்னு கேளு."

"ஏங்க" என்று நபுகேரா கூப்பிட்டாள். கூப்பிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. லுபோவா சட்டத்துக்குக் கீழேதான் நின்றிருந்தான். ஒரு தொண்டைச் செருமல் கேட்டது.

"சோதிச்சுப் பார்த்தேன்" என்றான். "நானே ஒரு சுத்து ஓட்டிப் பாக்காத வண்டியை எந்த மாணவன் கையிலயும் குடுத்ததில்ல. அவங்க இன்னும் வரல, அதனால இன்னும் அவங்களோடது ஆகலன்னு நெனச்சேன். காலையில ஒரு துணியால இடது கையை உடம்போட கட்டிக்கிட்டு உக்காந்து சோப்புப் போட்டுக் குளிச்சேன். எழுந்திருக்கக் கம்பியைப் பிடிச்சேன். கம்பி கையோட வந்துடுச்சு."

நபுகேரா கம்பியைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தார்.

"சொல்லுடி, என்ன சொல்றார்?"

"உங்களுக்குக் கேக்கலையா?"

"எனக்குக் கேட்டா என்ன, கேக்காட்டி என்ன. நீ சொல்லு."

"கம்பி கையோட வந்துடுச்சாம்."

"இப்ப இருக்கே."

"இப்ப இருக்கேங்கறாங்க" என்றாள் நபுகேரா சட்டத்தைப் பார்த்து.

"பின்ன விட்டுடுவேனா? செங்கல்லு உள்ள பொத்தல். ஒக்வால் சின்ன ஸ்க்ரூ போட்டிருந்தான். நான் சுவர் முழுக்க ஓட்டை போட்டு அந்தப் பக்கம் போல்ட் வச்சு முறுக்கியிருக்கேன். வெளிய பாத்தா அசிங்கமா இருக்கும். ஆனா என் எடையைத் தொங்கவிட்டுப் பாத்தேன், அசையல. எல்லாம் முடிக்கறதுக்குள்ள கார் சத்தம் கேட்டுடுச்சு. நாரைக் காயவைக்க மறந்துட்டேன்."

நபுகேரா அத்தனையையும் திரும்ப ஒப்பித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள், இந்தப் பக்கம் ஓர் ஆள், இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கிறது. இருந்தும் எல்லாப் பேச்சும் அவள் வாய்வழியாகத்தான் போய்வர வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான். ஆனால் மத்தளம் ஒரு சௌகரியக்காரன். கச்சேரி முடிந்தால் உறையில் போட்டுவிடுவார்கள்.

நாமுத்தெபி கம்பியை வலது கையால் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. இன்னொரு முறை உடம்பு முழுக்கச் சாய்த்து இழுத்தார்.

"அந்தக் காலத்துல மாப்பிள்ளை தெரியாமத் தப்புப் பண்ணிட்டா மாமியாருக்கு ஒரு மரவுரி அனுப்புவான். அதோட நடுக்கம் போயிடும்" என்றார். "கேளு, தருவாரான்னு."

"தர்றேன்னு சொல்லு" என்றது சட்டம். இவள் கேட்பதற்கு முன்பே.

"மரவுரி வேண்டாம். கோமேசிக்குத் துணி. மினுமினுன்னு இருக்கிறதை எடுத்துட்டு வரக்கூடாது."

"மினுமினுக்கறது வேண்டாமாம்."

"மங்கலா எடுக்கறேன்னு சொல்லு. எனக்கு இப்ப மங்கல் பழகிடுச்சு."

நாமுத்தெபியின் கோணிய வாய் ஒரு பக்கம் லேசாக அசைந்தது. ஆனால் எழுந்திருக்கவும் இல்லை, உட்கார்ந்திருப்பதாகச் சொல்லவும் இல்லை. காரை அனுப்பு என்ற வார்த்தை இன்னும் வரவில்லை. அதற்காகத்தான் நபுகேரா காத்திருந்தாள். தலையை டைல்ஸ் சுவரில் சாய்த்துக்கொண்டாள். சுவர் குளுகுளுவென்று இருந்தது.

"ஒத்தைக் கையோட முதுகு தேய்க்க முடிஞ்சுதான்னு கேளு."

"முதுகு தேய்க்க முடிஞ்சுதா?"

"முடியல. வலது தோள்ல பாதிதான் எட்டுச்சு."

"பாதிதான் எட்டுச்சாம்."

"எனக்கும் அவ்வளவுதான்" என்றார் அம்மா. இதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பதினொரு மாதத்தில் எத்தனையோ பேர் அவரைப் பார்க்க வந்தார்கள். வாழைத்தார் கொண்டுவந்தார்கள், ஜெபம் செய்தார்கள், கையைப் பிடித்து அழுதார்கள். முதுகு எட்டுகிறதா என்று யாரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்ததில்லை. "நாருக்கு நீளமா ஒரு பிடி வச்சா எட்டும். சொல்லு."

"பிடி வச்சா..." என்றாள் நபுகேரா.

"குச்சி வச்சுக் கட்டிடறேன்னு சொல்லு."

"கட்டிடறாராம்."

"கண் எரிஞ்சுதா, சோப்புப் போகும்போது? துண்டு எட்டலையே இங்கிருந்து."

"கண்ணு..." என்றாள். அதற்கு மேல் என்ன கேட்க வேண்டும் என்பது நழுவிப் போனது.

"எரிஞ்சுது. துண்டுக்கு ஒரு ஆணி மறந்துட்டோம்னு சொல்லு."

நபுகேரா சொல்ல நினைத்தாள். நாக்கு எழும்பவில்லை. கமோடு சரியான உயரத்தில் இருந்தது. கால் இரண்டும் தரையில் நன்றாகப் பதிந்திருந்தன. முதுகுக்குச் சுவர் இருந்தது. அம்மாவின் கட்டிலை அளந்து வைத்த உயரம், அம்மாவின் மகளுக்கும் பொருந்தியது. கண்ணை மூடினாள்.

"ஏண்டி" என்றார் அம்மா.

அவளுக்குக் கேட்டது. எங்கோ பக்கத்து வீட்டில் யாரையோ கூப்பிடுவதுபோல் கேட்டது.

"நபுகேரா?" என்றது மேலேயிருந்து லுபோவாவின் குரல்.

அதுவும் கேட்டது. கண்ணைத் திறந்து, "துண்டுக்கு ஆணி அடிக்கிறாராம்" என்று சொன்னால் வேலை முடிந்தது. ஒரே ஒரு வரி. பத்தொன்பது வருஷமாகச் சுமந்த வரிகளில் அதுவும் ஒன்று. அவள் கண்ணைத் திறக்கவில்லை. மாட்டேன் என்று அவள் தீர்மானித்தது அந்த நொடியில்தான். தூக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அடுப்பில் இலைப்பொதி வேகிற சத்தம் மட்டும் வந்தது. முன்வாசலில் டிரைவர் கிளாஸைக் கீழே வைத்தான். நாமுத்தெபி தலைத் துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். நாலு சுவருக்குள் அவரை யார் பார்க்கப் போகிறார்கள்? இருந்தாலும் மூடிக்கொண்டார். பிறகு சட்டத்தை அண்ணாந்து பார்த்தார்.

"மாப்பிள்ளை" என்றார்.

அந்தப் பக்கம் செருப்பு ஒன்று தரையில் உரசியது.

"சத்தம் போடாம அந்தக் காரை அனுப்பிடுங்க. பொண்ணு தூங்கறா."

"சரிங்கம்மா" என்றான் லுபோவா. கிட்டத்தட்ட முணுமுணுப்பாக. முற்றத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும் காலடி கேட்டது.

நாமுத்தெபி கை ஷவரைத் திறந்து, மகள் பக்கம் தெறிக்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு, ஒற்றைக் கையால் மெதுவாகக் குளிக்கத் தொடங்கினார். தண்ணீர் பச்சை டைல்ஸ் மேல் எதிர்ப்பக்கமாக ஓடியது. நபுகேராவின் காலுக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை.